திடீரென்று அல்ல

அண்ணா,

இன்று காலை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மருந்துக் கடைக்குப் போன இடத்தில், இரண்டு பேர் கம்பத்தில் ஒரு ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. இறந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் மை காயாத புது ஃபிளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் ரப்பரும் சேர்ந்து வெயிலில் கிடந்ததுபோல. அது தொண்டையில் இறங்கியதும் குமட்டிக்கொண்டு வந்தது. மருந்து வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பத்திரிகைக்கு நெடுஞ்சாலை விபத்துகளை எழுதியே பாதி வாழ்க்கை போனவன் நான். சிதைந்த உடல்களுக்குப் பக்கத்தில் நின்று பெயர், வயது, ஊர் என்று குறித்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத அருவருப்பு, ஒரு பிளாஸ்டிக் துணியைப் பார்த்தால் வருகிறது. நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் குறையவில்லை.

நாமக்கல்லில் உங்கள் லாரி புக்கிங் ஆபீஸுக்கு நான் முதலில் வந்தது ஒரு வேலைநிறுத்தச் செய்திக்காக. மாவட்டத்தில் ஒரு வண்டிகூட ஓடவில்லை என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். நீங்களும் அந்தச் சங்கம்தான். ஆனாலும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படியெல்லாம் இல்லீங்க பாய். முட்டை வண்டி ஓடிட்டுத்தான் இருக்குது. ரோட்டுக்குப் போய்ப் பாத்துட்டு எழுதுங்க" என்றீர்கள். உங்கள் தரப்புக்கே பாதகமான உண்மை அது. அன்றைக்கு ஆரம்பித்தது நம் பழக்கம்.

அப்படிப்பட்ட உங்களிடம்தான் வீடே கூடிப் பொய் சொன்னது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேன் முடிவைப் பார்த்த டாக்டர், "பெரியவரே, கொஞ்சம் வெளியே உக்காருங்க" என்றார். உங்கள் மகனும் மருமகனும் உள்ளே இருந்தார்கள். நாம் இருவரும் வராந்தா நாற்காலியில். "நம்மள வெளியே ஒக்கார வெச்சுட்டு உள்ள என்ன பண்றாங்க பாய், என்னைய ஏலம் உடறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். வெளியே வந்த மகன் உங்கள் முகத்தைப் பார்க்காமல், "அல்சருப்பா. காரம் சேக்கக்கூடாதாம்" என்றான். பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்து, கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சொன்னான். "நீங்களும் அல்சர்னே சொல்லீருங்க பாய். தெரிஞ்சா அப்பா ஒடஞ்சிருவாரு."

நானாகச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் மறைக்க மாட்டேன் என்றேன். அதன் பிறகு நம்மைத் தனியாகப் பேச விடவே இல்லை. நான் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் சாத்துக்குடிப் பையோடு வந்தார்கள். "சீக்கிரம் எந்திரிச்சுருவீங்க மாமா" என்று சிரித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "எத்தன நாளைக்குத் தாங்குமாம்?" என்று கேட்டார்கள். காபி குடித்த அதே வாயால் கேட்டார்கள். உங்கள் சாவு உங்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணிக்கும் தெரியாது. பொம்பளை, அழுது காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அவரிடமும் அல்சர் என்றே சொல்லிவைத்திருந்தார்கள். அதை நம்பி அவர் உங்களுக்குக் காரமும் உப்பும் இல்லாமல் மோர்ச்சோறு பிசைந்து போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் உங்களிடமிருந்து போன் வந்தது.

"பாய், நான் செத்துப்போயிட்டேன். தெரியுமுங்களா?"

"என்னங்கண்ணா சொல்றீங்க?"

"போர்டு வந்துருக்குதுங்க வாட்ஸப்புல. தேதி மட்டும் காலியா உட்டுருக்குது."

உங்கள் மருமகன் அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்க இருந்தார். சாவுக்குக் கூட்டம் வரும், அந்த நேரத்தில் ஓட முடியாது என்று முன்கூட்டியே ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். சங்கத்து விழா, கோயில் நோன்பி என்று வருடக்கணக்காக அந்தக் கடையில் போர்டு அடித்தது நீங்கள். கடைக்காரரிடம் இருந்தது உங்கள் நம்பர். உங்கள் குடும்பத்து ஆர்டர் என்றதும், யாருக்கான போர்டு என்று பார்க்காமல், பிழை பார்க்கச் சொல்லி உங்களுக்கே அனுப்பிவிட்டார்.

"போட்டோவுல மீசையெல்லாம் கருகருன்னு இருக்குதுங்க. செத்தவனுக்கு எதுக்கு பாய் டை? மாப்பள படம் என் படத்தக் காட்டிலும் பெருசு. கும்பிட்டுட்டு நிக்கறாரு." சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப அல்சர் இல்லீங்களா பாய்?"

"இல்லீங்கண்ணா. கேன்சர்."

"சரி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீங்க மட்டும் வாங்க."

டாக்டர் நம்மைப் பார்த்ததும், "பையனை வரச்சொல்லுங்களேன்" என்றார்.

"பையன் நல்லாத்தான் இருக்கறானுங்க. வவுறு என்னுது. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். குணமாகாது. மருந்து ஏற்றினால் கொஞ்ச நாள் தள்ளலாம், அந்த நாள்களும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் போகும். நீங்கள் கேட்டது ஒன்றுதான். "வலிக்கு மருந்து இருக்குதுங்களா?" இருக்கிறது என்றார். "அது போதுமுங்க. நான் ஊட்டுல இருந்துக்கறேன்."

வீட்டில் மகன் கத்தினான். சென்னைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்திருந்தானாம். "பாக்காம உட்டுட்டானுங்கன்னு ஊரே காறித் துப்பாதா?" என்றான். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. மருமகனோ ஃபிளெக்ஸ் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார், ரகசியத்தை உடைத்துவிட்டான் என்று.

நீங்கள் இருவருக்கும் ஒரே பதில் சொன்னீர்கள். "ஊருக்குப் பயந்துட்டு என்னைய இழுத்துட்டுத் திரியாதீங்க சாமி. இருக்கறது கொஞ்ச நாளு. அது என்னுது."

அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். "நாய்க்கு வெக்கற சோறாட்டம் வெச்சேனேடா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" அவ்வளவுதான் பேசினார். அன்று மாலை உங்கள் வீட்டில் கோழி வெந்தது. வரமிளகாயைக் கிள்ளிப்போட்டு, தேங்காய்ச் சில்லோடு வதக்கியது. உங்களால் இரண்டு துண்டுக்கு மேல் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன், இருக்குது" என்றீர்கள். அந்தப் பொய் உங்களிடமிருந்து எதைத் திருடியது என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நீங்கள் கேட்டபடி வீட்டில்தான் போனீர்கள், அண்ணி பக்கத்தில் இருக்க. மறுநாள் காலை நான் வந்தபோது தெருமுனையில் அந்த ஃபிளெக்ஸ் நின்றது. தேதியை நிரப்பியிருந்தார்கள். மீசையை மாற்றவில்லை. புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "திடீரென இயற்கை எய்தினார்." மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, திடீரென. ஒவ்வொருவராக அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மறைவாகப் போய் வாந்தி எடுத்தேன்.

உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்தக் குமட்டல். போன மாதம் அது ஒரு காரியத்துக்கு உதவியது. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில், எங்கள் பத்திரிகையில் முன்பு புகைப்படக்காரராக இருந்தவரின் மனைவியைப் பார்த்தேன். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவருக்கு நெஞ்சுல அந்த வியாதிங்கண்ணா. சளின்னு சொல்லி வெச்சுருக்கறோம்" என்றார். புகைப்படக்காரர் காருக்குள் உட்கார்ந்து, மூடிய கண்ணாடி வழியாக எங்கள் இருவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன சொல்றா?" என்றார்.

"இங்க வாங்கம்மா" என்று கூப்பிட்டேன். "அவரு கேக்கறாரு. நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா கையிலிருந்த டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தார். பிறகு மெல்ல வந்தார். நான் இறங்கி இடம் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி வெளியே நின்றுகொண்டேன்.