மூக்கு லாரிக்குப் புது எஞ்சின்

வைகாசி 4, திங்கள்

காலையிலேயே அனல். மரப்பெட்டியில் புது எஞ்சின் வந்து இறங்கியது. வேடிக்கை பார்க்க எங்கள் ஊர் செவிலிமேடே திரண்டது. ஐந்நூறு பேர். சரி, ஐம்பது. பழையதைவிட இரண்டு மடங்கு இழுவை, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ வைத்தது. ஜில்லாவிலேயே மூக்கு நீண்ட பழைய லாரிக்கு டர்போ போடும் முதல் ஆள் நான். தமிழ்நாட்டிலேயே என்றும் சொல்லலாம், யார் போய்ப் பார்த்தார்கள்.

சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் விளக்கு ஜெனரேட்டரை ஏற்றிப்போவது அப்பா காலத்திலிருந்து எங்கள் லாரிதான். போன வருஷம் நடுத்தெருவில் படுத்துவிட்டது. சாமி இருட்டில் நின்றது. அதை மட்டும் நான் எங்கேயும் பெரிதாக்கிச் சொல்வதில்லை. கமிட்டித் தலைவர் கறார். "வெள்ளிக்கெழம வந்து பாப்பேன்பா. ஸ்டார்ட் ஆவலன்னா டிராக்டர் கோபாலுக்குக் குடுத்துடுவேன்."

எஞ்சினுக்கு மாலை, குங்குமம். புதிதாக எது வந்தாலும் பட்டு சாத்தாமல் எங்கள் வீட்டில் வேலை தொடங்காது. மனைவி சரசு ஐயம்பேட்டையில் தங்கை வீட்டில். பீரோவில் கைக்குக் கிடைத்த பட்டுத் துண்டை நானே சாத்தினேன். மெக்கானிக் பாஷா பாய்க்குச் சிரிப்பு. "இன்னா அண்ணாத்தே, எஞ்சினுக்கு நிக்காஹ்வா?"

செவ்வாய்

பழையது இறங்கியது. புதியதன் கால்கள் சட்டத்தில் உட்காரவில்லை. வெட்டு, வெல்டிங். வாங்க: பெரிய ரேடியேட்டர், ஹோஸ் கிளிப், ஆயில், எலுமிச்சம்பழம்.

பக்கத்துத் தறிக் கொட்டகையிலிருந்து பஞ்சுத் தூசி. பா. பாய் வெல்டிங்கிலிருந்து கத்தினார், "காத்து போற வாய மூடு அண்ணாத்தே! தூசி பூந்தா டர்போ காலி." எஞ்சின்மேல் கிடந்ததைச் சுருட்டி ஆழமாகத் திணித்தேன். அடைப்பு என்றால் அதுதான் அடைப்பு.

புதன்

புழுக்கம். எஞ்சின் உட்கார்ந்தது. காற்றுக் குழாயை நானே மாட்டினேன், பாய் கையே வைக்கவில்லை. பாதி மெக்கானிக் நான். முக்கால். சரசு வந்துவிட்டாள்.

வியாழன்

ஸ்டார்ட் போட்டோம். இரண்டு இருமல், கரும்புகை, அணைந்துவிட்டது. மறுபடி. மறுபடி. பா. பாய் டீசல் லைனில் காற்று எடுத்தார், பம்ப்பைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றேன். டீசலில் தண்ணீர் என்றேன். உட்கார முடியவில்லை. எத்தனை டீ என்று தெரியவில்லை.

கோபால் டிராக்டரை நிறுத்திக் குரல் கொடுத்தான். "இன்னா மாமா, ஊதுபத்தி ஏத்திக்கினு இருக்கியா?"

"புது எஞ்சின்டா. மூச்சு பழகிக்கினு இருக்குது."

சாயங்காலம் சாப்பாட்டில் சரசு: "இன்னாங்க, பீரோல என் மாம்பழக் கலர் ஜாக்கெட் துண்டு எங்க? பட்டுங்க அது."

டர்போ வாய் ஞாபகம் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

வெள்ளி

லேசான தூறல். பாய் வருமுன் குழாயைக் கழற்றினேன். துண்டு உள்ளே, டர்போ விசிறியை ஒட்டி. என் விரல் நுழையவில்லை. இழுத்துக் கிழிந்தால் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

பின்னாலிருந்து, "நகருங்க." சரசு. இழை இழையாகத் தளர்த்தி, மெதுவாக உருவினாள். முழுதாக வந்தது. மாம்பழமாக இல்லை, கரி. விசிறியை விரலால் சுண்டினேன். சுற்றியது. கீறல் இல்லை. அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது. அவள் துண்டை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அதுதான் பயம்.

குழாயை மாட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, பா. பாய் ஒரே சுழற்று. பிடித்தது பார், தொலைவில் இருக்கும் கூரம் வரை கேட்டிருக்கும்.

தலைவர் வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாதான்பா இருக்குது. நேத்து ஓடலன்னாங்களே, இன்னா கோளாறு?"

"அதாவது தலைவரே, இது சாதாரண டர்போ இல்ல, வெளிநாட்டுல..."

"சொல்லுங்க," என்றாள் சரசு, துண்டு இருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. "நானும் கேக்கறேன்."

"காத்து அடைப்பு, தலைவரே. எடுத்தாச்சு."

இவ்வளவு சின்னக் கதையை நான் சொன்னதே இல்லை. ஊர்வலம் நமக்குத்தான்.

கேபினில் ஜன்னலோர இடம் இந்த வருஷம் சரசுவுக்காம். அங்கே இதுவரை யாரையும் ஏற்றியதில்லை. சரி என்றேன். துண்டைத் துவைக்கவில்லை. அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.