பைப்பு வாயில் ரப்பர்

பிப்ரவரி 6, திங்கள்

நல்ல பனி. கொடியில் கிடந்த துணி நேற்று துவைத்தபோது இருந்ததைவிட ஈரம். இடுப்பு வலி.

அப்பாவின் லுங்கியில் மறுபடி ஓட்டை. தொடைப் பக்கம், பாக்கு அளவு. நான் அடுப்படியில் இருந்தேன். புகையிலைப் பைப்பு வாயிலிருந்து நழுவி மடியில் கவிழ்ந்துவிட்டது. கருகல் வாடை வந்ததும் ஓடித் தட்டி அணைத்தேன். கத்திக் கூப்பிட்டிருக்கலாம் அவர். கூப்பிடவில்லை.

வாதம் வந்து வலது கை விழுந்தபின் இதே கதை. இடது கை நடுங்கும். மேலே பல் ஒன்றிரண்டு, கீழே ஏதோ கொஞ்சம். வழுவழுவென்ற அந்தக் கறுப்பு வாய்முனையை எதைக்கொண்டு கவ்வுவார், பாவம். ஆகையால் காலையில் ஒரு பைப்பு, சாயங்காலம் ஒரு பைப்பு, முடியும்வரை நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பைப்பின் கிண்ணம் சுடும். துணி சுற்றிப் பிடிப்பேன். என் தலைமுடியெல்லாம் புகையிலை நாற்றம். ஞாயிறு பூசையில் பக்கத்தில் இருப்பவர்கள் முக்காட்டை மூக்கில் இழுத்துக்கொள்வது எனக்குத் தெரியாமல் இல்லை.

இன்றைக்கு ஒரு நிமிடம் நகர்ந்தேன். ஒரு லுங்கி போச்சு.

மாலை கான்வென்ட் மதர் கூப்பிட்டனுப்பினார். கும்பகோணத்தில் அவர்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் இடம் காலி. விடுதிப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளணும், அங்கேயே தங்கல். சனி மதியம் ஊருக்கு வரலாம், திங்கள் காலைக்குள் போய்விடணும்.

"உன்னைத்தான் முதல்ல கேக்குறேன் ரோசலி. அடுத்த வாரம் விபூதிப் புதன் பூசைக்கு வர்றப்ப பதில் சொல்லிடு. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

அப்பா விழுவதற்கு முன் நானும் டீச்சர்தான். சாக்குக்கட்டி பிடித்த கை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

பனி இல்லை. கொசு.

புகையிலை நறுக்கும் நாள். பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை ஆண்டவரை டப்பாவில் நயமாக வரும். இப்போது மார்க்கெட் புகையிலையைக் கத்தரியால் பொடிசாக நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, நிழலில் உலர்த்தணும். அதற்கும் நான்தான்.

பக்கத்து வீட்டு ஜொகராக்காவிடம் கும்பகோணம் விஷயம் சொன்னேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அங்கேயே எல்லாம் பேசி முடிந்தது:

சோறு, காப்பி – ஜொ. அக்கா.
குளிப்பாட்ட, ராத்திரி துணைக்குப் படுக்க – அவர் வீட்டுக்காரர் காசிம் பாய்.
துணி – வண்ணான்.
பைப்பு –

"பத்த வெச்சுக் கையில குடுத்துட்டுப் போறேன். அதுக்கு மேல ஒரு ஆம்பளை பக்கத்துல உக்காந்து நான் எப்படிம்மா புடிச்சுக்கிட்டிருக்க முடியும்? அவுங்க கடைக்குப் போனா சாயங்காலம் மஹ்ரிபு தொழுகைக்குத்தான் வருவாங்க. நெருப்பு சமாச்சாரம் ரோசலி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொல்வது நியாயம். பைப்பையே நிறுத்திவிடு என்கிறார் டாக்டர். அவருக்கென்ன. அப்பாவுக்கு நாளில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பிடுங்க எனக்கு மனசு இல்லை.

பிப்ரவரி 8, புதன்

பாத்திரம் கழுவும்போது ஞாபகம் வந்தது. சைகோனில் அப்பா சுங்கத்தில் இருந்தபோது ஒரு பெரிய துரை. பல்செட் கட்டியவர். பைப்பு வழுக்காமல் இருக்க வாய்முனைக்கு ரப்பர் உறை மாட்டியிருப்பாராம். அதைச் சொல்லிச் சொல்லி அப்பா சிரிப்பார். "பைப்புக்குக் கோமணம் கட்டிவிட்டிருக்கான்" என்று.

சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் துண்டு கேட்டு வாங்கினேன். சுற்றி நூலால் இறுக்கினேன். அப்பா ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டயரு."

தூக்கிப் போட்டாயிற்று. விரலில் கத்தரி பட்ட காயம் வேறு.

பிப்ரவரி 9, வியாழன்

ஜொ. அக்காவின் மகள் போலகத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு இன்னும் இங்கேதான் இருக்கிறாள். குழந்தையின் பால்புட்டி ரப்பர் ஒன்று பழசாகிக் கிடந்தது. கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொடுத்தாள்.

நுனியை வெட்டினேன். நாரத்தை இலை போட்டுக் கொதிக்க வைத்தேன், வாடை போக. சோப்புத் தண்ணீர் தடவி வாய்முனையில் ஏற்றினால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பால் குடுக்கப் போறியா?"

"குடிச்சுத்தான் பாருங்களேன்."

கவ்வினார். ஈறில் பிடித்துக்கொண்டது. நான் கையை மெதுவாக எடுத்தேன். விழவில்லை. அடுத்த அறையில் போய் நின்றேன். விழவில்லை. ஒரு பைப்பு முழுக்க, சாம்பல் ஆகும்வரை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? ஒன்றுமில்லை. கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான் அது. எழுதவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, சனி

வெயில் ஏறிவிட்டது. சுத்தியிருக்கிற வயலில் அறுப்பு முடிந்து வைக்கோல் தூசி. தும்மல்.

சாயங்காலம் ரப்பர் கழன்று தரையில் கிடந்தது, பைப்பு மடியில். நல்லவேளை அணைந்திருந்தது. "வழுக்கிடுச்சு" என்றார். நூல் கட்டி மாட்டினேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

நூலோடு கழன்றிருக்கிறது. நாற்காலிக்கு அடியிலிருந்து துடைப்பத்தால் இழுத்து எடுத்தேன். "ரப்பர் சரியில்லே" என்றார்.

இன்னொரு ரப்பர் கேட்டு வாங்கிவந்து, சின்னதாக வெட்டி, இறுக்கமாக ஏற்றினேன். என் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் கழன்று கிடக்கிறது.

என்னால் முடியவில்லை சாமி. மறுபடி முக்காலி, மறுபடி துணி சுற்றிப் பிடித்தேன். அப்பா மட்டும் திருப்தியாக இழுத்தார். கடற்கரை மேட்டுப் பக்கத்தில் கட்டுமரம் வந்துவிட்டதா, மீன் என்ன விலை, எல்லாம் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் தலையைத் தள்ளியது.

பிப்ரவரி 13, திங்கள்

காலை பைப்பைப் பற்றவைத்து, ரப்பர் மாட்டி, வாயில் கொடுத்து, மார்க்கெட் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகவில்லை. ஜொ. அக்கா வீட்டுக்குள் போய்க் கொல்லைச் சுவர் வழியாகப் பார்த்தேன். எங்கள் பின்கதவு திறந்திருந்தது, நாற்காலி நன்றாகத் தெரிந்தது.

அப்பா அழகாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஈறால் கவ்வி, இடது கையை மடியில் போட்டு, சைகோனில் எடுத்த போட்டோவில் உட்கார்ந்திருப்பாரே, அதே தோரணை. பைப்பு அசையவில்லை. புகை நின்றது. அப்புறமும் அப்படியே வைத்திருந்தார்.

நான் சுற்றிக்கொண்டு போய் முன்கதவுத் தாழ்ப்பாளைத் தட்டினேன். ஜொ. அக்காவைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பிறகு அவர் சொன்னது:

"தாழ்ப்பா சத்தம் கேட்டதுதான் தாமசம். இடது கையால ரப்பரை உருவிக் கீழே போட்டாங்க. பைப்பை மடியில கவுத்துக்கிட்டாங்க. நான் கண்ணால பாத்தேன் ரோசலி."

உள்ளே போனேன். ரப்பர் தரையில்.

"கழண்டுடுச்சு."

"கழண்டுச்சாப்பா, கழட்டினீங்களா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம். லுங்கி ஓட்டை, நாரத்தை இலை, விரல் காயம் எல்லாம் சேர்ந்து வந்தது.

கடைசியில் முணுமுணுத்தார். எனக்கு மட்டும் புரிகிற அந்தப் பேச்சில்.

"அது இருந்தா நீ எதுக்குக் கிட்டே வரப்போறே."

பிப்ரவரி 14, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

காலை பைப்பு நான் பிடித்தேன். ரப்பர் போடவில்லை.

அவர் மேல் கோபமா என்றால், இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. யோசித்துப் பார்த்தேன். சோறு ஊட்டும்போது அடுப்பில் கண். குளிப்பாட்டும்போது அவசரம். பைப்பு பிடிக்கும் நேரம் ஒன்றுதான் நான் சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதைப் போய் ஒரு ரப்பரால் மூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கும் ஒரு உயிர் இருக்கிறதே. முப்பத்தாறு வயசு. இதை யாரிடம் சொல்வது?

சாயங்காலம் சுவரடியில் ஜொ. அக்காவிடம் சொன்னேன், நாளை மதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

"அழுவுறியா?"

"இல்லக்கா. களைப்பு."

பின்கதவு திறந்துதான் இருந்தது. அப்பா காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, விபூதிப் புதன்

மறுபடி பனி. கோயில் மணி எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது.

பூசைக்குக் கிளம்பும் முன் பைப்பை நிரப்பிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"என்னப்பா?"

"தபசு காலம்."

"அதுக்கு?"

"விட்டுட்டேன். பாஸ்கு வரைக்கும்."

பாஸ்குத் திருநாள் வரை நாற்பது நாள் நோன்புக்கு ஆளுக்கொன்றை விடுவார்கள்; இந்த மனிதர் ஒரு தபசு காலத்திலும் எதையும் விட்டதில்லை. பெரிய வெள்ளியன்றுகூடத் தெருவில் பைப்போடு நின்று, அம்மா வெட்கப்பட்டு உள்ளே ஓடிய கதை ஊருக்கே தெரியும். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத் தெரியவில்லை.

"பைப்பு இல்லேன்னா காசிம் வீட்டம்மா பாத்துக்கும்ல?"

"பாத்துக்குவாங்க."

பாஸ்குவுக்கு அப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பைப்பைக் கீழே வைத்தேன். எழுந்திருக்கும்போது சேலையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"ஞாயித்துக்கிழமை தபசு கணக்குல சேராது."

"சேராதுப்பா."

"அன்னிக்கு ரப்பர் வேணாம். நீ புடி."

மதரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். திங்கள் முதல் பஸ். தகரப் பெட்டிக்குப் பூட்டு தேடணும்.