புள்ளி இருக்கும் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

நான் அசிஸ்டென்டாக இருக்கும் பல் கிளினிக்கில், காத்திருப்பு அறையின் வெள்ளைப் பலகையில் டாக்டர் தினமும் ஒரு நல்ல வாக்கியம் எழுதுவார். மாலையில் நான் அழிப்பேன். இன்றைய வாக்கியம்: ‘கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.’ அதற்கு நேர் மேலே கேமரா. அது பழுதாகி வெகுகாலம் ஆகிறது.

தையல்கார அக்கா பல்வலியோடு வந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டால், “மண்டையே வலிக்குது, இதுல பக்கம் வேறயா?” என்றார். இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுத்தேன். அந்தச் சின்னப் படத்தின் மூலையில் கடுகளவு ஒரு புள்ளி மேடாக இருக்கும். அது நம் பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் இடது வலதாகிவிடும்.

டாக்டர் போனில் பேசிக்கொண்டே படத்தை விளக்குக்கு நேரே தூக்கினார். திருப்பி.

“டாக்டர், புள்ளி...”

“எனக்குத் தெரியும்மா.”

இன்னொரு தடவை சொன்னேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வலது பக்கப் பல்லைப் பிடுங்கினார். நல்ல பல். என்ன ஒரு வேர்!

மார்ச் 7, வெள்ளி

அக்கா திரும்பி வந்தார். “பிடுங்கினது ஒண்ணு, வலிக்கிறது ஒண்ணு!”

டாக்டர் மிக அமைதியாகச் சொன்னார்: “அசிஸ்டென்ட் படத்தை மாத்தி வெச்சிட்டா. சின்னப் பொண்ணு, மன்னிச்சுடுங்க. மத்ததைக் கடவுள் பாத்துப்பார்.”

விசாரணைக்கு முன்பே, கடவுள் பெயரால், எனக்கு மன்னிப்பு.

“நான் மாத்தலக்கா” என்றேன். அவர் நம்பவில்லை. “சட்டையில கையை மாத்தி வெச்சா நான் பிரிச்சுத் தைப்பேன். பல்லை எப்படிம்மா பிரிச்சுத் தைப்ப?”

கேள்வி நன்றாக இருந்ததுதான் கொடுமை.

வலித்த பல்லை டாக்டர் இலவசமாகப் பிடுங்கினார். அக்கா போன பிறகு என்னைக் கூப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காயம் ஆறியதா என்று காட்ட அக்கா வருவாராம். அப்போது நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு பெண்.

மார்ச் 8, சனி

அம்மா: “கடவுள் பாத்துப்பாரு. நீ வாயை மூடிக்கிட்டு இரு.”

அண்ணன்: “ஒரு சாரிதானே? சொன்னா வாய் வெந்துடுமா?”

டாக்டர் கடவுளிடம் விட்டிருக்கிறார். அம்மாவும். நானும்தான். ஒரே வழக்கில் மூன்று மனு. பாவம், நீதிபதி.

நீதியை அவரிடம் விடலாம். ஆனால் உண்மையையும் சேர்த்து எப்படி அவர் தலையில் கட்டுவது? அன்று பக்கத்தில் நின்றவள் நான் அல்லவா? — எழுதும்போது பெரிய வீராங்கனை போல இருக்கிறது. திங்கட்கிழமை டாக்டர் முன்னால் நிற்கும்போது பார்க்கலாம்.

மார்ச் 10, திங்கள்

டாக்டர் முன்னால் போய் நின்றேன். சொல்லிவிட்டேன். “செய்யாததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன் டாக்டர். ஊரெல்லாம் போய்ச் சொல்லவும் மாட்டேன். அவங்க கேட்டா நடந்ததைச் சொல்லுவேன்.”

“புத்தகமா படிச்சு உனக்குத் தலைக்கேறிப் போச்சு.”

இன்றைய வாக்கியம் பணிவைப் பற்றி. வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

புதுப் பெண் வேலை பழக வந்துவிட்டாள்.

என் பிரார்த்தனை நீண்டுகொண்டே போகிறது. நீதி வேண்டும் என்பதோடு நிற்பதில்லை. எப்படி, எங்கே, யார் முன்னால் என்று விவரமும் கொடுக்கிறேன். கடவுளுக்கும் அசிஸ்டென்ட் ஆகிவிட்டேன் போல.

மார்ச் 13, வியாழன்

டாக்டரின் கன்னம் வீங்கியிருக்கிறது. சத்தியமாக என் பிரார்த்தனையில் நான் பல்லைக் குறிப்பிடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மாலையில் வரும் சின்ன டாக்டர்தான் எங்கள் டாக்டரின் பல்லைப் பிடுங்க வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்தார். புதுப் பெண் எக்ஸ்ரே எடுக்கப் போனாள். கையை ஆட்டித் தடுத்தார். “நீ வேணாம். அவ எடுக்கட்டும்.”

எடுத்தேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். சின்ன டாக்டர் படத்தைத் தூக்கியதுதான் தாமதம், எங்கள் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “புள்ளி! புள்ளி பாத்தியா?”

“பாத்துட்டேன் டாக்டர். சரியா இருக்கு.”

வாசலில் தையல்கார அக்கா. “என்ன புள்ளி? அன்னிக்கு நான் வாயைப் பொளந்துட்டுக் கெடந்தப்போ இந்தப் பொண்ணும் அதைத்தானே சொல்லிச்சு?” என்னிடம் திரும்பினார். “என்னம்மா அது?”

படத்தைக் காட்டினேன். “இது நம்ம பக்கம் இருக்கணும்க்கா.”

“அன்னிக்கு இருந்துச்சா?”

“இல்லக்கா.”

“யாரு பிடிச்சிருந்தாங்க?”

வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலியிலிருந்து ஏதோ சத்தம். டாக்டருக்குப் பாதி வாய் மரத்திருந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றார் அக்கா.

இரண்டாவது தடவை நன்றாகவே கேட்டது: “நான்தான்.”

மார்ச் 17, திங்கள்

பலகை காலி. அழிக்க ஒன்றுமில்லை.

புதுப் பெண்ணை மாலை வேளைக்கு வைத்துக்கொண்டார்கள். புள்ளி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவளுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“சத்தமா சொல்லிக்குடு.”