கிடங்கில் சவாசனம்

என் வீட்டு வைத்தியருக்கு,

நான் நலம். உன் முட்டிவலியும் அத்தையின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பயப்படாமல் படி, சந்தோஷச் செய்திதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் கிடங்கில் அட்டையை விரித்து, நீ சொல்லிக்கொடுத்த சவாசனத்தில் கிடந்தேன். நான் மயங்கிவிட்டதாக நினைத்த மேற்பார்வையாளர் கம்பெனி நர்ஸை இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். வந்த கையோடு நர்ஸ் சர்க்கரை பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு! போன மாதம் இருநூற்றுப் பத்து. உன் வைத்தியத்தை நர்ஸிடம் சொன்னேன்.

"வெந்தயமும் யோகாவும் கூட இருக்கட்டும், ஆனா மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார். விடமாட்டேன்.

வெந்தயப்பொடி தீரப்போகிறது, அனுப்பு. கூடவே நீ மூச்சு எண்ணுவதையும் போனில் பதிவுசெய்து அனுப்பு. நானே எண்ணினால் ஏழுக்குள் வீட்டு ஞாபகம் வந்து கணக்கு தப்பிவிடுகிறது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். நீ மெதுவாகவே எண்ணு.

உன் நோயாளி