ரெண்டு ரிங்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால்தானே போடுகிறீர்கள்? நான் நலம். என் ஒற்றைத் தலைவலியும் நலம். என்னை விட்டு எங்கும் போகவில்லை.

சலவை ஆலையில் இஸ்திரி மெஷின் 'உஸ்' என்று ஆவி விடும் முன்பே நான் தோளைக் குறுக்கிக்கொள்கிறேனாம். சூப்பர்வைசர் அக்கா பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். பயப்பட ஒன்றுமில்லை. தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் ஒரே சீராக 'பீப்' சத்தம் விட்டார்கள். நடுவில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விடவில்லை. அதற்கும் நான் முகத்தைச் சுளித்தேன்.

டாக்டர் சிரித்தார். "சத்தம் வரட்டும்னு உங்க மூளை காத்திருக்கறதில்லம்மா. முன்னாடியே வாசலுக்குப் போய் நின்னுடுது. வரலைன்னாலும் அதுக்கு வலிக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மா ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவாளே, நான் திருப்பிக் கூப்பிடட்டும் என்று. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் பத்து மணிக்கு என் கழுத்து விறைத்துக்கொள்கிறது. அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அப்புறம் நாள் முழுக்கத் தலைவலிதான்.

உங்களுக்குப் போனில் பேச வராது என்று தெரியும். பேச வேண்டாம் அப்பா. அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு, ஞாயிறு பத்து மணிக்கு ரெண்டு ரிங் மட்டும் விடுங்கள். நான் எடுக்க மாட்டேன்.

ஷிப்ட் மணி அடிக்கப்போகிறது. தோள் இப்போதே குறுகிவிட்டது.

உங்கள் மகள்