டர்ஃபில் உடைத்த பூசணிக்காய்

அக்கா,

காலை வெயில் ஏறியதும் டர்ஃபிலிருந்து அந்த ரப்பர் நெடி கிளம்பிவிட்டது. பஸ் டயர் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்பாயே, அதே நெடி. தலை கிர்ரென்றது. பிரஷைக் கீழே போட்டுவிட்டு கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதட்டி எழுப்ப நீ இல்லை.

காரிமங்கலம் பக்கம் இந்தப் பிளாஸ்டிக் புல் மைதானம் வந்தபோது, வளராத புல்லுக்கு ஆள் எதற்கு என்று ஊரே சிரித்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நம் இருவருக்கும் தெரிந்தது. ஆடுகிறவர்கள் மிதித்து மிதித்து, புல்லுக்குள் கிடக்கும் கறுப்பு ரப்பர் குருணை ஓரமாக ஒதுங்கிவிடும். அதை இழுத்துப் பரப்பவேண்டும். படுத்த புல்லை எதிர்ப்பக்கமாகத் தேய்த்து நிமிர்த்தவேண்டும். முடி, சூயிங்கம், முறுக்குத் துண்டு என்று பொறுக்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். ஊருக்கு லீவு என்றால் நமக்கு இரட்டை வேலை.

அதனால்தான் அந்த ஒரு நாளுக்கு அவ்வளவு ஆசைப்பட்டாய். ஆயுத பூசைக்கு மறுநாள் ஒகேனக்கல். எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து பார்க்கிற அருவியை, இங்கேயே பிறந்த நீ பார்த்ததில்லை.

"தண்ணியில கால வச்சிக்கிட்டு சும்மா ஒக்காரணும்டி. எந்திரின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்றாய். ஓனரும் சரியென்று தலையாட்டியிருந்தார்.

பூசையன்று அந்த மனுஷன் என்ன செய்தார்! திருஷ்டி கழியட்டும் என்று, குங்குமம் போட்ட பூசணிக்காயை நட்டநடு டர்ஃபில் போட்டார். ரப்பர் மெத்தையில் அது எப்படி உடையும்? பந்து மாதிரி உருண்டது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தலைக்குமேல் தூக்கி ஓங்கி அடித்தார். சதை, விதை, சிவப்புச் சாறு எல்லாம் குருணைக்குள் இறங்கிவிட்டன. தண்ணீர் பீய்ச்சினால் குருணையும் சேர்ந்து ஓடிவிடும்.

"நாளைக்கு சாயங்காலம் மேட்ச் இருக்குதுக்கா, நீங்கதான் பாத்துக்கணும்" என்றவர், பொரியை வாயில் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் நாம் போகவேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த சல்லடையில் ரப்பரைச் சலித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ விதையைப் பொறுக்கிக்கொண்டே, "வுடுடி, ஆறு எங்க போயிடப் போவுது" என்றாய்.

ஆறு போகவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் நீதான் போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பூசணிக்காய் மேலும் ஓனர் மேலும் இருந்த கோபமெல்லாம் உன் மேல் திரும்பியது. இன்னும் தீரவில்லை.

இப்போது உன் வேலையும் என் தலையில்தான். புதிதாக வருகிறவர்கள் வெயிலைப் பார்த்ததும் ஓடிவிடுகிறார்கள். போன வாரம் ஓனர், "ஞாயித்துக்கெழம ஃபுல் புக்கிங்குக்கா, வந்துருங்க" என்றார்.

"வர முடியாதுங்க" என்றேன். என் வாயா பேசியது என்று எனக்கே திக்கென்றது. வேலையை விட்டு நிறுத்திவிட்டால் என்ன செய்வேன்?

"ஏங்க்கா, வூட்ல எதனா விசேஷமா?"

"ஒன்னுமில்லீங்க. சும்மா ஒக்காரப் போறேன்."

அவர் வேறு ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

ஒகேனக்கலுக்கு நான் போகவில்லை அக்கா. நீ பார்க்காததைத் தனியாகப் போய்ப் பார்க்க மனசு வரவில்லை. வீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்வரை ஒருவரும் என்னை எழுப்பவில்லை. அந்த நாள் உன்னுடையது. உனக்குக் கொடுக்காததை நான் கேட்டு வாங்கிவிட்டேன். இனி மாதாமாதம் கேட்பேன்.