இந்த வருஷம் உனக்கு இன்னா கெடச்சுது?

அக்கா,

புதுப் புடவையில் சாம்பிராணிப் புகை ஏறிவிட்டால் அந்த வாசனை லேசில் போகாது. முந்தானையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் வீசுகிறது. மத்தியானம் போகிப் படையல் முடிந்தது. நான் கட்டியிருப்பது உங்களுக்குப் படைத்த புடவை. நீங்கள் போனபின் வந்த முதல் பொங்கலுக்கு வீட்டில் துக்கம், பண்டிகை இல்லை. அதனால் பூவாடைக்காரியாக நீங்கள் வாங்கிக்கொண்ட முதல் புடவை இதுதான்.

சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, புதுப் புடவை படைத்து, அதை வீட்டு மருமகள் கட்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். நான் இந்த வேங்கிக்கால் வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தபோது நம் மாமியாருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த இடம்தான் அவர். முதல் போகியன்று, பெரிய மருமகளான நீங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் என்னை நிறுத்தி, கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "அத்தைகிட்ட சொல்லு. இந்த வருஷம் உனக்கு இன்னா கெடச்சுது?"

எனக்கு எரிச்சல். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, முகம் தெரியாத மாமியாரிடம் என்னத்தைச் சொல்ல? "உங்க சின்னப் புள்ளையோட கொறட்டை கெடச்சுது அத்தே" என்றேன். நீங்கள் அடக்க முடியாமல் சிரித்ததில் கற்பூரமே அணைந்துபோயிற்று. திரும்ப ஏற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "வேணும்னு கேக்கறதெல்லாம் சாமிகிட்ட வச்சுக்க. செத்தவங்ககிட்ட கேக்காத. சோறு, தண்ணி, வெயிலு எதுவும் அவங்களுக்கு இனிமே கெடையாது. நமக்குக் கெடச்சத சொன்னா போதும்." அப்போது அது எனக்குப் புரியவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் பைத்தியம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஒவ்வொரு போகிக்கும் நீங்கள் விடவில்லை. என் பிள்ளைகள்கூட மழலையில் ஏதோ சொல்லின. உங்கள் வீட்டுக்காரர், என் பெரிய மாமா மட்டும் வாயைத் திறக்கமாட்டார். மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் நிற்பார்.

அப்புறம் அந்த மார்கழி. உங்கள் வயிற்றுக் கட்டியைக் காட்ட வேலூருக்கு நாம் இருவரும் மாமாவோடு போனோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மாமாவிடம் சொன்னார். மாமா உங்களிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டு வந்தீர்கள். மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். வேங்கிக்காலில் இறங்க நான் எழுந்தால், "உக்காரு. டவுனுக்குப் போலாம். அத்தைக்குப் புடவை எடுக்கணும்" என்றீர்கள்.

தேரடி வீதிக் கடையில் அன்று நீங்கள் செய்த அமர்க்களம்! எப்போதும் விலை கம்மியான ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார் மாமா. நீங்களோ கடைக்காரரை அலமாரி முழுக்க இறக்க வைத்தீர்கள். அவர் அலுத்துப்போய், "கட்டிக்கப்போறது யாருங்க?" என்று கேட்டார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். படைத்த புடவையைக் கட்டிக்கொள்வது பெரிய மருமகள்தானே? அது நீங்கள்தானே?

அந்தப் போகியன்று உங்கள் முறை வந்ததும் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அத்தே, இந்த வருஷம் வேலூர் பாத்தேன். ஜன்னலோரம் எடம் கெடச்சுது. கொய்யாப்பழம் துன்னேன், நல்லா இனிப்பா இருந்துச்சு. அடுத்த வருஷம் நேர்லயே வந்து சொல்றேன்."

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது!" என்று கத்திவிட்டு நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். புடவையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள். நிற்கவே முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"கட்டிக்க."

"மாட்டேன். நான் கட்டினா நீங்க போறதுக்கு நானே சரின்னு சொன்னாப்புல ஆயிடும்."

"நீ கட்டலன்னா மட்டும் நான் இருந்துடப் போறனா? எனக்குப் படைக்கிற புடவைய நீதான் கட்டப்போற. அத நான் பாக்க முடியாதில்ல, அதான் இப்பவே பாத்துக்கறேன்."

கட்டிக்கொண்டேன். அழுதுகொண்டே கட்டினால் கொசுவம் நிற்குமா? நீங்கள்தான் தரையில் உட்கார்ந்து சரி செய்தீர்கள். நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தான் கீற" என்றீர்கள். பிறகு, "இப்ப எங்கிட்ட சொல்லு. என்னால உனக்கு இன்னா கெடச்சுது? செத்தப்புறம் செவுத்துகிட்ட சொல்லாத. மூஞ்சிக்கு நேரா சொல்லு."

எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். "பால் ஏடு" என்றேன். மூத்தவனைச் சுமந்திருந்தபோது தினமும் ஏட்டையெல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டு, மாமா கேட்டால் பூனை குடித்துவிட்டது என்பீர்கள். நம் வீட்டில் ஏது பூனை? இருவரும் சிரித்தோம். உங்களுக்கு வயிற்றில் வலி பிடுங்கியது. அப்படியும் நிறுத்தாமல் சிரித்தீர்கள். சிரித்துச் சிரித்து என் மடியிலேயே சாய்ந்துகொண்டீர்கள். ஆனியில் போய்விட்டீர்கள்.

நேற்று மாமா தாமாகவே தேரடி வீதிக்குப் போய் இந்தப் புடவையை வாங்கி வந்தார். பச்சையில் அரக்குக் கரை, விலை ஜாஸ்திதான். என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "நாளிக்கி நீ சொல்றப்ப எனக்கும் சேத்துச் சொல்லிடும்மா" என்றார்.

"அது என்னால ஆகாது மாமா. உங்க பொண்டாட்டிகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியதே கிடையாது. தலைகுனிந்தபடி மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

இன்று இலை போட்டு, புடவை வைத்து, சாம்பிராணி காட்டி எல்லாம் ஆயிற்று. மாமியாருக்குப் பக்கத்தில் உங்களுக்கும் மஞ்சள் பூசியிருக்கிறேன். என்ன கிடைத்தது என்று சொல்ல வாயெடுத்தால் ஆத்திரம்தான் வந்தது. இந்த அடுப்பங்கரையில் தனியாக நிற்பதுதான் எனக்குக் கிடைத்தது என்று உங்கள்மேல் கோபித்துக்கொள்ளத் தோன்றியது.

அப்போதுதான் மாமா முன்னால் வந்தார். கையைக் கூப்பினார்.

"நீ ஆக்கிப் போட்டத ஒரு நாளும் நல்லா கீதுன்னு சொன்னதில்ல" என்றார். "எல்லா நாளும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கும் பேச்சு வந்தது. ஏரி நிரம்பியதைச் சொன்னேன். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொன்னேன். உங்களோடு ஒரே அடுப்பில் சமைத்த நாளெல்லாம் எனக்குக் கிடைத்தது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது, விடாமல் சொன்னேன்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும், இலையிலிருந்து தலையைத் தூக்காத ஆள். இன்று வடையைப் பிட்டு வாயில் போட்டவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு நாள் அந்தச் சுவருக்குப் போகிறவள்தான் என்று இன்றுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வட நல்லா கீது" என்றார்.

படையலுக்குச் செய்ததைப் படைக்குமுன் யாரும் ருசி பார்ப்பதில்லையே. நான் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. வடையில் உப்பே இல்லை அக்கா.